மீந்த சோற்றைச் சூடாக்கினால் விஷம் போய்விடுமா?

‘ராத்திரி வெளியே கிடந்த சோற்றைக் குக்கரில் ஒரு விசில் விட்டால் போதும், ஆபத்தில்லை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. கிருமி சாகும், அது கக்கிய நச்சு சாகாது.

பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் (வெப்பத்தைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவம்) சோறு வேகும்போதே பிழைத்துக்கொள்ளும். ஆறிய சோற்றில் முளைத்துப் பெருகி, சீரூலைடு என்ற நச்சைச் சுரக்கும். வளையமாகக் கோத்த மூலக்கூறு அது. 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் குலையாது. குக்கரே ஏறக்குறைய 120தான். உடலுக்குள் போனால் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பொட்டாசியத்தைக் கடத்தி, அதை முடக்கும். அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி. இதற்கு ஆன்டிபயாடிக் விழுங்கிப் பயனில்லை.

மீந்ததை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். பானையோடு வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.