பேயை விடுங்கள், அந்தக் கொத்தனாரைப் பாருங்கள்

சாலைப் பேய்க்கதை எங்கே கண்ணில் பட்டாலும் விடாமல் படிப்பவன் நான். ஆனால் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் புளூ பெல் ஹில் கதையைப் பலரும் சொல்லும் விதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பேயைப் பற்றியே பேசிவிட்டு, வண்டி ஓட்டியவரைப் போகிற போக்கில் விட்டுவிடுகிறார்கள்.

1974 ஜூலை. நள்ளிரவு தாண்டிய நேரம். அந்த மலைச்சாலையில் காரில் வந்த ஒரு கொத்தனார், ஹெட்லைட் வெளிச்சத்தில் திடீரென்று ஒரு சிறுமியைப் பார்க்கிறார். பத்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பாவாடை, வெள்ளை சாக்ஸ். பிரேக் போட்டும் மோதிவிட்டது என்றார். இறங்கி அவளைத் தூக்கிச் சாலையோரம் கிடத்தி, ஒரு கம்பளியால் போர்த்தினார். நேராக ராசெஸ்டர் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். போலீஸ் வந்து பார்த்தால் கம்பளி மட்டும்தான் கிடக்கிறது. ரத்தக்கறை இல்லை. மோப்ப நாயை விட்டுத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

குழந்தை மேல் வண்டியை ஏற்றிவிட்டோம் என்று நம்பும் ஒருவர், ஆளில்லாத சாலையிலிருந்து அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் தானாகப் போய் போலீஸில் நின்றார். எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? எனக்கு அந்த இரவில் பெரிய விஷயம் இதுதான்.

அதே மலையில் 1965 நவம்பரில் ஒரு கோர விபத்து நடந்தது. மறுநாள் கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணும் அவருடைய தோழிகளும் வந்த கார் அது. அந்த மணப்பெண்தான் பேயாக அலைகிறாள் என்கிறார்கள். சரி, கொத்தனார் பார்த்தது பத்து வயதுச் சிறுமியை அல்லவா? இரண்டையும் எப்படி முடிச்சுப் போட்டார்களோ! இறந்துபோன ஒரு பெண்ணின் கல்யாணக் கனவைத் திகில் கதைக்குத் தீனியாக்குவதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

தூக்கக் கலக்கத்தில் கண்முன் உருவங்கள் தெரிவது உண்மைதான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுகிறோம். அரைக்கண் சொக்கினாலே போதும். அவருக்கும் அப்படி நடந்திருக்கலாம். ஆனாலும் அவர் பட்ட பதற்றம் பொய்யில்லை.

1992 நவம்பரில் இன்னொருவர் அதே மலையில் ஓர் இளம்பெண் காரின் அடியில் விழுந்ததைப் பார்த்ததாக மெய்ட்ஸ்டோன் போலீஸிடம் போய்ச் சொன்னார். அங்கேயும் உடல் கிடைக்கவில்லை. அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தால், அவள் எப்படி இருந்தாள் என்று கேட்கமாட்டேன். அதற்கப்புறம் இரவில் நிம்மதியாக வண்டி ஓட்ட முடிந்ததா என்றுதான் கேட்பேன்.