டொலிடோவை விட்டுவிட்டு ஜாக்கி ராபின்சன் கதை சொல்லாதீர்கள்

சனிக்கிழமை க்விஸ் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மார்க் போட்டது யார், மைக்கைப் பிடுங்கியது யார் என்பதெல்லாம் க்ரூப்பில் வேண்டிய அளவு ஓடிவிட்டது. ஆனால் எங்கள் பேஸ்பால் பதிலுக்கு ஏன் மார்க் தரவில்லை என்று, க்விஸ் நடத்திய அண்ணன் நேற்று ராத்திரி போட்ட "விளக்கம்" இருக்கிறதே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "ரெண்டு சீசன் ஆடிட்டு கடையைச் சாத்தின டீமையெல்லாம் கணக்குல எடுத்துக்க முடியுமா?" கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அதற்கு நூறு லைக்.

எங்களுக்கு அந்த ஒரு மார்க் வேண்டாம். அண்ணனே வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்காவின் உச்ச நிலை ஆட்டமான மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் யார் என்ற கேள்விக்கு அவர் அட்டையில் ஜாக்கி ராபின்சன், 1947 என்று இருந்தது. நாங்கள் சொன்னது மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர், 1884, டொலிடோ புளூ ஸ்டாக்கிங்ஸ் டீம். இரண்டுக்கும் நடுவில் 63 வருஷம். "முதல்" என்று ராபின்சனைச் சொல்லிவிட்டால் அந்த 63 வருஷம் என்ன ஆனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கதவு ஆதியிலிருந்தே மூடிக் கிடந்தது, 1947-இல் ஒரு நல்ல மனுஷன் வந்து திறந்துவிட்டார் என்று கதை சுகமாக முடிந்துவிடும். கதவு திறந்துதான் இருந்தது. ஆட்கள் உட்கார்ந்து பேசி, ஓட்டுப் போட்டு மூடினார்கள்.

இப்போது அந்த "கடையைச் சாத்தின" டீமுக்கு வருவோம். ஒஹாயோவில், ஈரி ஏரியின் மேற்குக் கோடியில் இருக்கிற ஊர் டொலிடோ. 1883-இல் அந்த ஊர் டீம் நார்த்வெஸ்டர்ன் லீக்கில் சேர்கிறது. மைனர் லீக்தான், மேஜருக்குக் கீழ்ப் படி, மறுக்கவில்லை. கேட்சர் வேலைக்கு, அதாவது பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்க, வாக்கரை எடுக்கிறார்கள். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர், ஆடியவர். சீசன் தொடங்குவதற்கு முன்பே, மார்ச் மாதம், லீக் கூட்டம் அதே டொலிடோவில் நடக்கிறது. பியோரியா டீமின் பிரதிநிதி எழுந்து, கறுப்பினத்தவரை யாரும் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவருகிறார். குறி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. வாக்குவாதம் நடக்கிறது, தீர்மானம் தோற்றுப்போகிறது. வாக்கர் ஆடுகிறார். அந்த வருஷம் லீக் கோப்பை டொலிடோவுக்கு.

அதே வருஷம் ஆகஸ்ட் 10. சிகாகோ டீம் கண்காட்சி ஆட்டத்துக்கு வருகிறது. அதன் கேப்டன் கேப் ஆன்சன், அன்றைய பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம். வாக்கர் இறங்கினால் நாங்கள் ஆட மாட்டோம் என்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு வாக்கர் ஆடுவதாகவே இல்லை. கையில் காயம், ஓய்வு கொடுத்திருந்தார்கள். டொலிடோ மேனேஜர் சார்லி மார்ட்டன், ஆன்சன் சொன்னதைக் கேட்டுவிட்டு, காயம்பட்ட மனிதரை ரைட் ஃபீல்டில், மைதானத்தின் வலது கோடியில், நிறுத்துகிறார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் உங்கள் பங்கு கிடையாது என்றும் சொல்லிவிடுகிறார். ஆன்சன் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு ஆடினார். சிகாகோ 10 இன்னிங்ஸில் 7-6 என்று ஜெயித்தது. ஜெயிக்கட்டுமே! அதே ஆன்சன் பிற்பாடு வேறு ஊர்களில் நினைத்ததைச் சாதித்துக்கொண்டார். டொலிடோவில் அது நடக்கவில்லை.

"அது காசு விஷயம், கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை" என்று ஒருவர் இன்பாக்ஸில் பாடம் எடுத்தார். சரி சார். வசூலுக்குப் பயந்து பணிந்தவர் ஆன்சன். ஓய்வில் இருந்த ஆளை வேண்டுமென்றே இறக்கியவர் மார்ட்டன். இரண்டும் ஒன்றா? வாக்கரை உட்கார வைத்தே ஆட்டத்தை நடத்தி வசூலையும் அள்ளியிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டொலிடோக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. 1884-இல் டீம் அமெரிக்கன் அசோசியேஷனுக்கு ஏறியது. அது அன்றைக்கு மேஜர் லீக். மே 1, லூயிவில்லில் வாக்கரின் முதல் ஆட்டம். டீமின் நட்சத்திர பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், டோனி மலேன். வாக்கர்தான் தன்னோடு ஆடியவர்களிலேயே சிறந்த கேட்சர் என்று பல வருஷம் கழித்து அவரே சொன்னார். ஆனால் கறுப்பினத்தவரைப் பிடிக்காது என்பதால் எந்தப் பந்து வீச வேண்டும் என்று வாக்கர் காட்டிய சைகைகளை மதிக்காமல், தன் இஷ்டத்துக்கு வீசினேன் என்றும் அதே மூச்சில் சொன்னார். கிரிக்கெட் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சரியான க்ளவுஸ் இல்லாமல் விக்கெட் கீப்பர் ஸ்டம்ப்பை ஒட்டி நிற்கிறார், வருவது யார்க்கரா பவுன்சரா என்று சொந்த பவுலரே சொல்ல மாட்டேன் என்கிறார். அந்த நிலைமையில் 42 ஆட்டம், பேட்டிங் சராசரி .263, அதாவது நூறு தடவை மட்டை பிடித்தால் சுமார் 26 ஹிட். ஜூலையில் விலா எலும்பு முறிந்தது. செப்டம்பரில், டீம் அடுத்து ஆடப் போக வேண்டிய வர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது: வாக்கரை இங்கே இறக்கினால் 75 பேர் காத்திருக்கிறோம், ரத்தம் பார்ப்போம் என்று. ரிச்மண்ட் போகும் முன்பே, காயத்தைச் சொல்லி டீம் அவரை விடுவித்துவிட்டது. அவர் தம்பி வெல்டேயும் அதே சீசனில் அதே டீமுக்குச் சில ஆட்டங்கள் ஆடினார். அண்ணனின் க்விஸில் ஒரே வீட்டில் இரண்டு பேர் கணக்கில் வராமல் போனார்கள்.

டீம் ஏன் மூடியது? போட்டிக்கு யூனியன் அசோசியேஷன் என்று புதிதாக ஒரு லீக் முளைத்ததால், அமெரிக்கன் அசோசியேஷன் 8 டீமை 12 ஆக்கிக்கொண்டது. ஒரு வருஷத்தில் மூச்சு வாங்கி மறுபடி 8 ஆக்கியது. வெளியே தள்ளப்பட்டதில் டொலிடோவும் ஒன்று. 46 வெற்றி, 58 தோல்வி, எட்டாவது இடம். அசிங்கப்பட்டு ஓடிய டீமின் கணக்கா இது?

கடையைச் சாத்தினது என்ற பேச்சு எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று வீட்டிலேயே கேட்டார்கள். நான் முதலில் வேலை பார்த்தது ஒரு சின்ன கம்பெனி. பதினைந்து பேர் இருப்போம். நல்ல வேலை செய்தோம், காசு தீர்ந்தது, மூடிவிட்டார்கள். அப்புறம் ஒரு பெரிய இடத்து இன்டர்வியூவில், எதிரில் இருந்தவர் என் பயோடேட்டாவில் அந்தப் பெயரைப் பேனாவால் தட்டி, "இப்படி ஒரு கம்பெனி இருந்துச்சா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்த வருஷங்களை அனுபவத்தில் சேர்க்கவே இல்லை. நாங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய மென்பொருளை அதே பெரிய இடம் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தது, அது வேறு கதை. மூடிப்போன இடத்தில் செய்த வேலை வேலையே இல்லை என்று சொல்கிறவர்களை நான் அன்றிலிருந்து பார்க்கிறேன். அண்ணன் புதுசாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

"ராபின்சனைக் குறைத்துப் பேசுகிறாயா?" இந்தக் கேள்விதான் மனசை நோகடித்தது. எங்கே குறைத்தேன்? 1887 ஜூலை 14-ஐப் பாருங்கள். நியூவார்க்கில் ஆன்சனின் டீம் ஆட வந்திருக்கிறது. அந்த ஊர் டீமில் ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பின பிட்சர், அவருக்குக் கேட்சராக நம் வாக்கர். ஆன்சன் நினைத்தபடியே, ஸ்டோவி அன்றைக்கு வீசவில்லை. அதே நாளில் பஃபலோவில், நியூவார்க் ஆடிய இன்டர்நேஷனல் லீக் என்ற மைனர் லீக்கின் நிர்வாகிகள் கூடி, இனிமேல் கறுப்பின வீரர்களுக்குப் புது ஒப்பந்தம் கிடையாது என்று 6-4 ஓட்டில் முடிவெடுத்தார்கள். வாக்கர் 1889-இல் சிரக்யூஸ் டீமை விட்டுப் போனதோடு சரி. அதற்கப்புறம் அந்த லீக்கில் கறுப்பின வீரர் ஆடியது 1946-இல், மான்ட்ரியல் டீமுக்கு. அவர் பெயர் ஜாக்கி ராபின்சன். அவர் எதை உடைத்தார் என்று புரிய வேண்டுமென்றால் யார் மூடினார்கள் என்று தெரிய வேண்டாமா? கதவு திறந்திருந்தது, மூடினார்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

"அப்படிப் பார்த்தால் 1879-இல் வில்லியம் எட்வர்ட் வைட் ஆடினாரே" என்று கூகுள் பார்த்துவிட்டு ஒருவர் வந்தார். ஆமாம், ப்ராவிடன்ஸ் டீமுக்கு ஒரே ஒரு ஆட்டம். வைட்டின் அம்மா அடிமையாக இருந்தவர், ஆனால் வைட் வெள்ளைக்காரராகவே வாழ்ந்தார். தாராளமாக அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. அப்போதும் அட்டையில் இருந்த பதில் தப்புதான்.

"தமிழனுக்கு எதற்கு பேஸ்பால்?" என்றும் ஒருவர். க்விஸில் கேட்டது நானா?

இன்றைக்கு டொலிடோவில் மட் ஹென்ஸ் என்ற மைனர் லீக் டீம் ஆடுகிறது. மைதானத்து வாசலில் இருக்கிற சதுக்கத்துக்கு வாக்கர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். கணக்கில் வராத டீமின் ஆளுக்கு அந்த ஊர்க்காரர்கள் ஏனோ இடம் கொடுத்திருக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு அண்ணனின் விளக்கம் போய்ச் சேரவில்லை போல. 1924-இல் செத்துப்போன வாக்கரின் கல்லறைக்கு 1990 வரை பெயர் பொறித்த கல்கூட இல்லை. ஆன்சனை 1939-லேயே பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் உட்கார வைத்துவிட்டார்கள். வாக்கர் இன்னும் வெளியே.

கமென்ட்டில் ஆன்சன் ரசிகர்கள் வருவார்கள், தெரியும். அவர் எத்தனை ஹிட் அடித்தார் என்பது எனக்கும் தெரியும். பட்டியல் போட வேண்டாம்.