நஞ்சப்பா சாலை பெட்ரோல் பங்க்

கோவை நஞ்சப்பா சாலையில் மத்திய சிறையை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து ஏற்படுத்தியது. பெட்ரோல் போடுகிறவர்களும் பணம் வாங்கி மீதியை எண்ணித் தருகிறவர்களும் தண்டனைக் கைதிகள். காந்திபுரம் பக்கம் போனால் நான் அங்கேதான் போடுவேன். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டும்போது, இவர் எந்த வழக்கில் உள்ளே வந்தவர் என்று வரிசையில் நிற்கும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதே மனிதர் தண்டனை முடிந்து வெளியே வந்து, நாலு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு பங்க்கில் வேலை கேட்டால் என்ன நடக்கும்? "போலீஸ் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வா" என்பார்கள். நேற்று வரை நம்பிப் பணத்தைக் கொடுத்த கை, இன்று திருட்டுக் கையாகிவிடுகிறது. கம்பிக்குப் பின்னால் இருக்கும்வரை நம்பிக்கை, வெளியே வந்ததும் சந்தேகம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

நான் கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பழக்கமான வக்கீல் ஒருவர் ஒருவரை அழைத்து வந்தார். நிலத் தகராறில் கொலை. பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர். எனக்கு உடனே சம்மதிக்க மனம் வரவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "சம்பளம் குறைவாகக்கூடக் கொடுங்கள் அண்ணா. ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்ள விட்டால் போதும்."

வேலை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லை. ஆதாரில் இருந்த முகவரி, அண்ணன் விற்றுவிட்ட வீடு. பழைய செல்போன் எண் வேறு யாருக்கோ போய்விட்டது; அந்த எண்ணோடுதான் வங்கிக் கணக்கு இணைந்திருந்தது. முகவரி இல்லாமல் புது எண் கிடைக்காது, எண் இல்லாமல் கணக்கு திறக்காது, கணக்கு இல்லாமல் பி.எஃப். கிடையாது. இதைச் சரிசெய்ய அவரும் நானும் ஒன்றரை மாதம் அலைந்தோம். ஒருவர் கூடவே நின்று "இவர் என் பட்டறை ஆள்" என்று சொன்ன இடங்களில் வேலை நடந்தது. அவர் தனியாகப் போன இடங்களில் நடக்கவில்லை. சமூக ஆதரவு என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, நான் கண்ட வரையில் அது இப்படிக் கூடவே நிற்பதுதான்.

இரண்டாவது மாதம், நுண்ணளவு பார்க்கும் கருவியான மைக்ரோமீட்டர் ஒன்று காணாமல் போனது. எல்லோர் கண்ணும் அவர் மேல் போயின. என் கண்ணும்தான். கேட்டும் விட்டேன். "நான் எடுக்கவில்லை அண்ணா" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் பனியன் வேஸ்ட் மூட்டைக்குள் கிடந்தது. கை துடைத்த துணியோடு யாரோ போட்டிருக்கிறார்கள். அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த மூன்று நாளும் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் இன்றும் வலிக்கிறது.

வ.உ.சி. செக்கிழுத்தது இந்தக் கோவைச் சிறையில்தான். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வழக்கறிஞர் சன்னதும், அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமமும், பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தும் வறுமை விடவில்லை. பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நாட்டுக்காகச் சிறை போனவரையும் கொலை செய்துவிட்டுப் போனவரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் பிழைப்பைத் திருப்பிக் கொடுத்தவரை ஒரு மனிதன் எந்த இடத்தில் வைக்கிறான் என்பதை அந்தப் பெயரில் பார்க்கிறேன்.

இதைப் பேசினாலே ஒரு கேள்வி வரும்: "செத்தவன் குடும்பத்துக்கு யார் வேலை கொடுத்தார்கள்?" நியாயமான கேள்வி. அந்தக் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும்; நான் அதற்கு எதிரி இல்லை. என் பட்டறை ஆள் சிறைக்குள் வேலை செய்தபோது கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பிடிக்கப்பட்டது. வெளியே வந்தபின் அவரைப் பட்டினி போட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாயாவது போய்ச் சேருமா?

இன்னொன்று. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். விடுதலையாகி வந்தாலும் ஊர் அவர்களுக்கும் "ஜெயிலுக்குப் போனவன்" என்ற ஒரே பெயரைத்தான் வைக்கிறது.

குழந்தைகள் இருக்கும் இடத்தில் சான்றிதழ் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். லேத் ஓட்டவும் மூட்டை தூக்கவும் பாத்திரம் கழுவவும் எதற்கு? கோவைச் சிறையில் தறி ஓட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள், வேலூர்ச் சிறையில் போலீசாருக்கு ஷூ தைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று திருப்பூரிலும் ஆம்பூரிலும் முதலாளிகள் புலம்புகிறார்கள். விடுதலையானவர்களுக்கு உதவ 1921 முதலே இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. கறவை மாடு வாங்கவும் பெட்டிக்கடை வைக்கவும் பணம் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பெட்டிக்கடையில் டீ குடிக்க நாம் போக வேண்டும்.

என் பட்டறைக்கு வந்தவர் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார். முன்பணத்துக்கு அல்ல, வீட்டுக்காரரிடம் பேசுவதற்குத்தான் நான் போனேன். பட்டறையில் அடுத்த மாதம் ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று, விடுதலையானவர்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புது ஆளுக்கு மிஷின் பழக்குவது தன் பொறுப்பு என்று, முன்பு வந்த அவரே சொல்லிவிட்டார்.