மேலே இருந்து சொன்னாங்க

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நேற்று என் சொந்தத் தங்கை மகனே அந்த ஸ்டிக்கரை எனக்கு அனுப்புகிறான். ஆகாயத்தைக் காட்டும் ஒரு விரல், கீழே "மேலே இருந்து சொன்னாங்க". எங்கிருந்து வந்தது என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் ஃபார்வர்டும் செய்திருப்பீர்கள்.

ராத்திரி பத்தரை மணி, கரண்ட் கட், சப்ஸ்டேஷன் (துணை மின்நிலையம்) கேட்டில் முப்பது பேர், உள்ளே டியூட்டி ஆபரேட்டர் ஒரே ஒரு பையன். "பக்கத்துத் தெருவுல ஏசி ஓடுது, எங்களுக்கு மட்டும் ஏன் ஆஃப் பண்ண?" என்கிறார்கள். "மேலே இருந்து சொன்னாங்க சார்" என்கிறான். ஒரே சிரிப்பு. ஒரு மனுஷனை மூன்று வார்த்தையில் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டோம்.

அதே நாற்காலியில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து 2021-ல் ரிட்டையர் ஆனவன் நான். அவன் சொன்னது சாக்கு இல்லை. மேலே என்றால் லோடு டெஸ்பாட்ச் சென்டர், கரண்ட் உற்பத்தியையும் செலவையும் சரிக்கட்டுகிற கட்டுப்பாட்டு மையம். மாநிலத்துக்குச் சென்னையில் ஒன்று, தெற்கு முழுவதற்கும் பெங்களூரில் ஒன்று, அதற்கும் மேலே டெல்லியில் ஒன்று. அங்கிருந்து போன் வந்தால் "ஏன்" என்று கேட்க நேரம் கிடையாது. முதலில் பிரேக்கரை, அதாவது லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சை, திறக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

அன்றைக்கு நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். இரண்டு டிரான்ஸ்பார்மரில் ஒன்று பழுது. மிச்சமிருந்த ஒன்றின் மேல் மொத்த லோடும் ஏறிவிட்டது. மே மாசம், வேலூர், பத்தரை மணிக்கும் சுவர் சுடுகிறது, வீட்டுக்கு வீடு ஏசி. உள்ளே வைண்டிங் சூடேறி அலாரம் அடித்திருக்கும். அந்தச் சத்தத்தில் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. ஒரு ஃபீடரை, அதாவது சில தெருக்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைனை, நாற்பது நிமிஷம் நிறுத்தினால் டிரான்ஸ்பார்மர் பிழைக்கும். நிறுத்தாவிட்டால் அதுவாகவே டிரிப் ஆகும், எல்லாத் தெருவும் இருட்டு. நீங்கள் பொறாமையோடு பார்த்தீர்களே, அந்தப் பக்கத்துத் தெருவும் சேர்த்துத்தான்.

ஊருக்கு நடப்பதுதான் நாட்டுக்கும். இந்த நொடி எரிகிற கரண்ட் இந்த நொடி உற்பத்தியாக வேண்டும். தண்ணி டேங்க் மாதிரி கம்பியில் தேக்கி வைக்க முடியாது. உற்பத்தியும் செலவும் சரியாக இருக்கிறதா என்று காட்டுவது ஃபிரீக்வன்சி, கரண்ட் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற எண். 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 49.90-லிருந்து 50.05 வரைதான் அனுமதி. செலவு கூடினால் இறங்கும், குறைந்தால் ஏறும். ரொம்ப இறங்கினால் ரிலேக்கள் என்கிற தானியங்கிக் காவல் கருவிகள் யாரையும் கேட்காமல் ஃபீடர்களை வெட்டும். அதற்கும் அடங்காவிட்டால் மின்நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அப்புறம் எழுப்பி நிறுத்த மணிக்கணக்கு ஆகும்.

வள்ளிமலைத் தேர் பார்த்திருக்கிறீர்களா? எல்லோருக்கும் வடம் பிடிக்கத்தான் ஆசை. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்துகொண்டு ஓடி, தேர் சரியும்போது கட்டையைச் செருகுகிறானே, அவனை யாராவது செல்ஃபி எடுத்து வைத்திருக்கிறோமா? ஊரில் "முட்டுக்கட்டை போடுறான்" என்றால் திட்டு. தேர் நிலைக்கு வந்து சேர்வது அந்தக் கட்டையால். ஃபீடரை நிறுத்தும் ஆபரேட்டர் கட்டைக்காரன். ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

கட்டை போட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலையில் வடக்கே பார்த்தார்கள். மாநிலங்கள் ஒதுக்கியதைவிட அதிகமாக இழுத்தன. பீனா–குவாலியர் 400 கே.வி. லைன் பாரம் தாங்காமல் டிரிப் ஆனது. அந்தப் பாரம் மற்ற லைன்கள் மேல் விழ, அவையும் சீட்டுக்கட்டு மாதிரி. 30-ம் தேதி விழுந்து, எழுந்து, மறுநாள் இன்னும் பெரிதாக விழுந்தது. அறுபது கோடிப் பேருக்கு மேல் கரண்ட் இல்லை, ரயில்கள் நடுவழியில் நின்றன. நாம் தப்பித்தோம், காரணம் தெற்கு கிரிட் (தென் மாநிலங்களின் மின்கம்பி வலை) அன்று அவர்களோடு ஒரே ஃபிரீக்வன்சியில் ஓடவில்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக அதுவும் சேர்ந்துவிட்டது. இன்று வடக்கே யாரோ செய்யும் தப்பு நம்ம ஊர்ப் பக்கத்துத் திருவலம் சப்ஸ்டேஷன் வரை வரும். ஆபத்துக்கு உதவியும் அதே கம்பியில்தான் வரும், அதையும் சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் 5, ராத்திரி 9 மணி, ஒன்பது நிமிஷம் விளக்கணைக்கச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மொட்டை மாடியில் அகல் விளக்கோடு. நான் கன்ட்ரோல் ரூமில், சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு. 12,000, 13,000 மெகாவாட் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்தது 31,000 மெகாவாட். அணை அணையாக நீர்மின் நிலையங்களை இறக்கி, விளக்குப் போடப் போட ஏற்றி, நாடு முழுக்கச் சமாளித்தார்கள். ஃபிரீக்வன்சி 49.70-க்கும் 50.26-க்கும் நடுவே ஆடி அடங்கியது. என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை இதே முகநூலில் ஒரு நண்பர் எழுதினார்: "கிரிட் விழும்னு பூச்சாண்டி காட்டினாங்க, ஒண்ணும் ஆகலியே!" ஒன்றும் ஆகவில்லை. ஆமாம் ஐயா. ஆகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். "ஃபாரின்ல எல்லாம் கரண்டே போகாது." 2025 ஏப்ரல் 28 மதியம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுசாக இருண்டன. ஐந்து நொடியில் சுமார் 15,000 மெகாவாட் போனது. வோல்டேஜ் ஏறிப்போய், ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்ட கதை. அவர்கள் யாருடைய ஸ்டிக்கர் போட்டார்களோ.

"கனெக்‌ஷன் கேட்டு அலைந்தேனே?" அது வேறு மேஜை, வேறு ஆள். இந்தப் பையன் தலையில் கட்டாதீர்கள்.

"டிரான்ஸ்பார்மரை முன்னாலேயே பெரிதாகப் போட்டிருக்கலாமே?" போட்டிருக்கலாம். ஒன்று போனாலும் மற்றது முழுப் பாரமும் தாங்க வேண்டும் என்பது நாங்களே படித்த பாடம். அதைப் பகலில், கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள்.

"கட்டை போடுவதென்றால் ஏன் எப்போதும் எங்கள் சக்கரத்தில்?" இதுதான் என்னைக் குத்துகிற கேள்வி. ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 2012-ல் தினமும் கரண்ட் கட் சென்னைக்கு இரண்டு மணி நேரம், நமக்குப் பத்து, பன்னிரண்டு. மீட்டரில் ஃபிரீக்வன்சி 49-க்குக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, போனில் சொன்ன ஃபீடரை நிறுத்துவேன். காட்பாடியில் என் வீடு இருக்கிற ஃபீடரும் அதில் உண்டு. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் சிம்னி விளக்கில் கெமிஸ்ட்ரி படித்தாள். "உங்க கையாலயா நிறுத்தினீங்க?" என்று வீட்டம்மா கேட்டது ஒருநாள்தான். அதற்கப்புறம் எனக்குத்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. குருவராஜப்பேட்டையில் என் மச்சான் ஆறு விசைத்தறி வைத்திருந்தான். அந்த வருஷம் நாலை விற்றான். தீபாவளிக்கு வந்தவன், "மாமா, ஒரு போன் போட்டு எங்க லைனை மட்டும் விடச் சொல்லக் கூடாதா?" என்றான். கூடாது என்றேன். மூன்று வருஷம் என் வீட்டில் சாப்பிடவில்லை.

அவனுக்கும் நான் அதையேதான் சொன்னேன்: மேலே இருந்து சொன்னாங்க.

எதற்கு ஆரம்பித்தேனோ, எங்கேயோ போய்விட்டேன். நேற்று அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். என்னிடம் டிரெயினிங்கில் இருந்தவன். "பரவால்ல சார், அம்மாவுக்கு வாட்ஸ்அப் கிடையாது, பார்க்கல" என்றான். அன்று ராத்திரி கேட்டுக்கு வெளியே இருந்த அவன் பைக்கின் கண்ணாடி இரண்டையும் உடைத்திருக்கிறார்கள். யாரும் அதை வீடியோ எடுக்கவில்லை போலிருக்கிறது.

அந்த ஸ்டிக்கரை இந்தப் பதிவுக்குக் கீழே போடுகிறவர் யாராக இருந்தாலும் பிளாக் செய்வேன். தங்கை மகனை ஏற்கெனவே செய்தாயிற்று.