டிரைவருக்கு டிப்ஸ் கொடுங்க, ஆனா இறங்கும்போது கொடுங்க

டாக்ஸி, கால் டாக்ஸி, செயலி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு டிப்ஸ் கொடுக்கணுமா என்று பேச்சு வந்தாலே பெரும்பாலும் இரண்டு பதில்தான் காதில் விழுகிறது. "நல்லா ஓட்டினா கொடுப்பேன்" என்பது ஒன்று. "கம்பெனி கொடுக்க வேண்டியதை நான் எதுக்குக் கொடுக்கணும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் இரண்டுமே ஒன்றும் கொடுக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்குத்தான் பயன்படுகின்றன. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதி இருப்பவர்கள் கொடுக்க வேண்டும். பயணம் முடிந்த பிறகு கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் டிரைவரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. இதில் கடைசி இரண்டும் முதலாவதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன், ஏன் என்று பிறகு வருகிறேன்.

"நல்லா ஓட்டினா கொடுப்பேன்" என்பதை முதலில் பார்ப்போம். ஊபர் தன் செயலிக்குள் டிப்ஸ் வசதியை அமெரிக்காவில் கொண்டுவந்ததே 2017 ஜூனில்தான். அந்த வசதி வந்த கையோடு நடந்த சுமார் 4 கோடி பயணங்களின் தரவை வைத்து பரத் சந்தர், யூரி க்னீசி, ஜான் லிஸ்ட், இயன் மியூர் என்ற நான்கு ஆய்வாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இதில் ஜான் லிஸ்ட் ஊபரிலேயே தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர், ஆகவே வெளியில் நின்று குறை சொல்கிற கட்டுரை அல்ல இது. அவர்கள் கண்டது: டிப்ஸ் கிடைத்தது ஏறக்குறைய 16 சதவீதப் பயணங்களுக்குத்தான். பயணிகளில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கொடுத்தவர்கள் 1 சதவீதம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. ஒருவருக்கு டிப்ஸ் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் எதனால் என்று பார்த்தால், ஓட்டுகிறவர் யார் என்பதைவிட உட்கார்ந்திருக்கிறவர் யார் என்பதுதான் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தீர்மானிக்கிறது. அதாவது கொடுக்கிற பழக்கம் உள்ளவர் யார் வண்டியில் ஏறினாலும் கொடுக்கிறார், இல்லாதவர் எவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோய் விட்டாலும் கொடுப்பதில்லை. "நல்லா ஓட்டினா" என்பதெல்லாம் நாம் நமக்கே சொல்லிக்கொள்வது. அப்படியிருக்க, டிப்ஸ் கிடைக்காத டிரைவரிடம் போய் "இன்னும் கொஞ்சம் நல்லா நடந்துக்கோங்க" என்று அறிவுரை சொல்வது அநியாயம்.

அடுத்து, "கம்பெனி கொடுக்கட்டும்." சரி, கொடுக்கட்டும், நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் நாம் கட்டுகிற பணம் எங்கே போகிறது என்று கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் கமிஷன் என்று ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. மீதியில் எரிபொருள், வண்டிக் கடன், இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் டிரைவர் தலையில். வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் என்றால் நாள் வாடகை தனி, அது சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டியது. நம்மை ஏற்றிக்கொள்ளக் காலியாக ஓட்டி வருகிற தூரம் இருக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் தனியாகக் காசு வருவதில்லை. இறக்கிவிட்ட இடத்தில் அடுத்த சவாரி இல்லையென்றால் காலியாகத் திரும்புவதும் அப்படித்தான். நாம் புக் செய்துவிட்டுக் கீழே இறங்கி வர எடுத்துக்கொள்கிற நேரத்துக்கும் பைசா கணக்கில்தான் ஏதோ விழும்.

இதனால்தான் சின்னச் சவாரி டிரைவருக்குக் கசக்கிறது. அவர் வந்து சேர்ந்த தூரம், நாம் போகிற தூரத்தைவிட அதிகமாக இருக்கும். அங்கே போய் நாம் சதவீதக் கணக்குப் போட்டு டிப்ஸ் கொடுத்தால் அது ஒன்றுமே இல்லை. நீண்ட பயணத்துக்குச் சதவீதம் பொருந்தலாம், சின்னச் சவாரிக்குச் சதவீதத்தை மறந்துவிட்டு ஒரு கௌரவமான தொகையாகக் கொடுப்பதே சரி. பக்கத்துத் தெருவுக்கு வண்டி கூப்பிட்டாலும் ரத்து செய்யாமல் ஒருவர் வந்து நிற்கிறார் என்றால் அவர் அந்த நேரத்தில் வேறொரு நல்ல சவாரியை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அப்புறம் கட்டணத்துக்குள் அடங்காத வேலைகள். பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைப்பது கட்டணத்தில் இல்லை. வயதானவரைக் கை பிடித்து இறக்கி, வாசல்வரை கொண்டுவிடுவது இல்லை. சக்கர நாற்காலியை மடித்து ஏற்றி மறுபடி பிரித்துக் கொடுப்பது இல்லை. "அண்ணா, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குள் போய் வரிசையில் நிற்கிறோமே, அந்த நேரமும் இல்லை. கொட்டுகிற மழையில், நள்ளிரவில், எல்லோரும் ரத்து செய்த பிறகு ஒருவர் வருவது, குழந்தை சீட்டில் வாந்தி எடுத்தும் முகம் சுளிக்காமல் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் கொடுப்பது, இதெல்லாம் எந்த ரசீதிலும் வராது. (வாந்திக்கு டிப்ஸ் மட்டும் போதாது, சுத்தம் செய்கிற செலவையும் கொடுக்க வேண்டும், அந்த வண்டி கழுவிக் காய்கிறவரை அவருக்கு வருமானம் கிடையாது.) இந்த மாதிரி இடங்களில் யோசிக்கவே கூடாது, கொடுத்துவிட வேண்டும். "நன்றிங்க" என்பது நல்ல வார்த்தை, அதோடு பணமும் சேரட்டும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். கொடுக்கிற பணம் யாருக்குப் போகிறது, எப்போது கேட்கப்படுகிறது என்பது.

அமேசானின் ஃப்ளெக்ஸ் என்ற டெலிவரி வேலையில் சொந்த வண்டியில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற டிரைவர்களுக்கு, வாடிக்கையாளர் தருகிற டிப்ஸ் முழுவதும் உங்களுக்கே என்று சொல்லியிருந்தார்கள். பிறகு அந்த டிப்ஸில் ஒரு பகுதியை எடுத்து நிறுவனம் தர வேண்டிய கூலிக்கு ஈடுகட்டினார்கள் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2021-இல் 6 கோடியே 17 லட்சம் டாலர் திருப்பித் தருவதாக அமேசான் சமரசத்துக்கு வந்தது. டோர்டாஷ் என்ற உணவு டெலிவரி நிறுவனமும் டிப்ஸைக் காட்டி டிரைவருக்குத் தான் தர வேண்டிய கூலியைக் குறைக்கிற கணக்கை வைத்திருந்து, 2019-இல் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மாற்றியது. நினைத்துப் பாருங்கள், ஒருவர் உழைப்பைப் பார்த்து மனசு வந்து நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம், அது நிறுவனம் அவருக்குத் தர வேண்டிய கூலியை அடைக்கப் போகிறது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இவை டெலிவரியில் நடந்தவைதான், ஆனால் ஆட்களை ஏற்றுகிற வண்டிக்கும் இதே மாதிரி செயலிதான், இதே மாதிரி கணக்குதான். அதனால்தான் முடிந்தவரை கையில் கொடுங்கள் என்கிறேன். கையில் சில்லறை இல்லையென்றால் டிரைவரின் சொந்தக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் செயலியில் போடுங்கள், ஆனால் டிப்ஸ் முழுவதும் டிரைவருக்குத்தான் என்று அந்த நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முன்கூட்டியே கேட்கிற டிப்ஸ். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஏற்பாடு. வண்டி இன்னும் கிடைக்கவே இல்லை, "கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும்" என்று திரையில் வருகிறது. இந்தியாவில் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காக ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. டிப்ஸ் என்பது சேவைக்குப் பிறகு பாராட்டாகத் தருவது, அதை முன்னாலேயே கேட்டுக் கட்டாயப்படுத்துவது நெறியற்றது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி வெளிப்படையாகவே சொன்னார். சேவையே நடக்காதபோது எதற்குப் பாராட்டு? அது ஏலம். அவசரமாக மருத்துவமனைக்குப் போகிறவரும், கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரும், இரவில் தனியாக நிற்கிற பெண்ணும்தான் அந்த ஏலத்தில் அதிகம் கேட்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

டிரைவர்கள் பக்கம் நின்று யோசித்தாலும் இது நல்லதில்லை. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் கட்டணத்தை உயர்த்த வேண்டியது நிறுவனம், அல்லது கமிஷனைக் குறைக்க வேண்டியது நிறுவனம். அதைச் செய்யாமல் பயணியின் அவசரத்தை டிரைவர் முன்னால் ஆட்டிக் காட்டுகிறார்கள். டிரைவர் கூடுதல் காசு தெரிகிற சவாரியை எடுப்பார், அவர்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். கூடுதல் போட முடியாத பயணி நின்றுகொண்டே இருப்பார். இரண்டு பேருமே கஷ்டப்படுகிறவர்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு டிப்ஸ் என்று பெயர் வைத்ததனால் உண்மையான டிப்ஸுக்கும் கெட்ட பெயர் வந்துவிட்டது. "அதான் முன்னாடியே வாங்கிட்டாங்களே" என்று இறங்கும்போது ஒருவரும் கொடுப்பதில்லை.

இறங்கும்போது திரையில் வருகிற பொத்தான்கள் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க் டாக்ஸிகளில் கார்டு தேய்த்தால் 20, 25, 30 சதவீதம் என்று தயாராக நிற்கும். கரீம் ஹக்காக், ஜியோவானி பாச்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014-இல் இதைப் பற்றி எழுதினார்கள். பரிந்துரைக்கிற தொகை கூடினால் சராசரி டிப்ஸ் கூடுகிறது, ஆனால் அதே சமயம் ஒன்றுமே கொடுக்காமல் போகிறவர்களும் கூடுகிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒருவர் தானாக ஒரு தொகை கொடுக்கத் தயாராக இருக்கிறார், திரை அதற்கு இரண்டு மடங்கு கேட்கிறது, எரிச்சலில் பூஜ்யத்தை அழுத்திவிட்டு இறங்குகிறார். அந்த எரிச்சல் திரைமேல், இழப்பு டிரைவருக்கு. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். வேறு தொகை என்று ஒரு பொத்தான் பெரும்பாலும் இருக்கும், அதை அழுத்தி உங்களால் முடிந்ததைப் போடுங்கள்.

டிரைவர்களிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. சில்லறை இல்லை என்று சொல்லி மீதியைத் தராமல் வைத்துக்கொள்வது டிப்ஸ் ஆகாது. ஃபோன் செய்து எங்கே போகணும், கேஷா ஆன்லைனா என்று கேட்டு, "மேல போட்டுக் கொடுத்தா வரேன்" என்பதும் ஆகாது. பாதி வழியில் பேரம் பேசுவது, இரவில் தனியாக வருகிற பெண்ணிடம் முகத்தைத் திருப்பிப் பார்த்து "எதாவது பாத்துக் கொடுங்கம்மா" என்பது, இதெல்லாம் மிரட்டலாகத்தான் போய்ச் சேரும், நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும். பூட்டிய வண்டிக்குள் யாரும் விருப்பத்தோடு கொடுப்பதில்லை, பயத்தில் கொடுக்கிறார்கள். ஒருமுறை அப்படிக் கொடுத்தவர் அடுத்த பத்து டிரைவருக்கும் மனசாரக் கொடுக்க மாட்டார். கேட்காமல் இருக்கிற பெரும்பாலான டிரைவர்களுக்குத்தான் இதனால் நஷ்டம்.

பயணிகளுக்கும் அதே அளவு கண்டிப்பாக ஒன்று. "செயலியில் போட்டுவிடுகிறேன்" என்று சொன்னால் போட்டுவிடுங்கள். சொல்லிவிட்டுப் போடாமல் விடுவது ஒன்றும் சொல்லாமல் போவதைவிடக் கேவலம், அவர் அன்று இரவு கணக்குப் பார்க்கும்போது தெரிந்துவிடும். டிப்ஸ் கொடுப்பதனால் சிக்னலை மீறச் சொல்லவோ, வேகமாக ஓட்டச் சொல்லவோ, அவர் குடும்பக் கதையைத் தோண்டவோ உங்களுக்கு உரிமை வந்துவிடாது. பேச விருப்பமில்லாத டிரைவர் பேசாமல் ஓட்டட்டும், அதற்காகக் குறைக்க வேண்டாம்.

ஸ்டார் விஷயமும் இதோடு சேர்ந்தது. நான்கு ஸ்டார் நல்ல மதிப்பெண் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டிரைவருக்கு அது அடி. சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கணக்கையே முடக்குகிற நிறுவனங்கள் உண்டு, அதற்கு மேல் முறையிடுவதும் சுலபமில்லை. வண்டி வர தாமதமானது போக்குவரத்து நெரிசலால், கட்டணம் ஏறியது செயலியால், இதற்கெல்லாம் டிரைவருக்கு ஸ்டாரைக் குறைக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. உண்மையிலேயே ஆபத்தாக ஓட்டினார், தவறாகப் பேசினார் என்றால் குறையுங்கள், புகாரும் கொடுங்கள். மற்றபடி ஐந்து ஸ்டார் கொடுக்கக் காசு செலவாகாது. ஆனால் ஐந்து ஸ்டாரை டிப்ஸுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள், வண்டிக் கடனுக்கு ஸ்டாரைக் கட்ட முடியாது.

கடைசியாக, கொடுக்க முடியாதவர்கள். பேருந்து வசதி இல்லாத இடத்தில் வேலை முடிந்து வேறு வழியில்லாமல் தினமும் வண்டி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டணத்துக்கே எண்ணி எண்ணி எடுத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் யாரும் டிப்ஸ் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். நான் இவ்வளவு எழுதியது அவர்களுக்கு இல்லை. தேவை கூடும்போது ஏறுகிற சர்ஜ் கட்டணம் இரண்டு மடங்கு காட்டினாலும் யோசிக்காமல் புக் செய்துவிட்டு, இறங்கும்போது மட்டும் "கம்பெனி கொடுக்கட்டும்" என்று கொள்கை பேசுகிறவர்களுக்குத்தான். கம்பெனியிடம் கேளுங்கள், நானும் வருகிறேன், கமிஷனைக் குறைக்கச் சொல்லி டிரைவர்கள் போராடும்போது "எங்க வண்டி வரலையே" என்று புலம்பாமல் அவர்கள் பக்கம் நில்லுங்கள். அந்த நாள் வருகிறவரை உங்களை வாசலில் இறக்கிவிட்டவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.