துரோகம் தெரிந்த பிறகும் அப்பாவாக இருப்பது

மனைவி மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறாள், இனி பிழைக்கமாட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். அவளுக்கு வேறொருவனோடு உறவு இருந்தது என்பது அதே சமயத்தில்தான் கணவனுக்குத் தெரியவருகிறது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், இருவரையும் அவனுக்குச் சரியாகத் தெரியாது. 2011இல் அலெக்சாண்டர் பெய்ன் இயக்கி, ஜார்ஜ் குளூனி நடித்த ‘தி டிசென்டன்ட்ஸ்’ திரைப்படத்தின் கதை இதுதான். மறு ஆண்டு ஆஸ்கர் விழாவில் தழுவல் திரைக்கதைக்கான விருதை அது பெற்றது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மலேசியாவின் சுங்கை சிப்புட் என்ற தோட்டப்புற ஊரில் பிறந்து, இங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, நம் ஆண்களைப் பற்றி நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒரு கேள்விக்கு ஹவாய்த் தீவில் நடக்கும் இந்தக் கதை நேராக வந்து பதில் சொன்னது.

மேட் கிங் ஒரு வழக்கறிஞர். அவருடைய மனைவி எலிசபெத் விசைப்படகு விபத்தில் தலையில் அடிபட்டுக் கோமாவுக்குச் சென்றுவிடுகிறாள். செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று அவள் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதால், உயிர்காப்புக் கருவிகளை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தச் செய்தியை உற்றார் உறவினர் எல்லோருக்கும் நேரில் சொல்லி, அவர்கள் வந்து விடைபெற வழி செய்ய வேண்டியது மேட்டின் பொறுப்பாகிறது. விடுதிப் பள்ளியில் படிக்கும் மூத்த மகள் அலெக்சாண்ட்ராவை அழைத்து வருகிறார். வீட்டு நீச்சல் குளத்தில் அவள் இருக்கும்போது அவர் விஷயத்தைச் சொல்ல, அவள் தண்ணீருக்குள் மூழ்கி அங்கே அழுகிறாள். அழுகையின் ஓசை நமக்குக் கேட்பதில்லை. முகம் மட்டும் தெரிகிறது. ஷைலீன் வுட்லி நடித்த அந்தச் சில நொடிகளுக்கு இணையான துக்கக் காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. பின்னர் அவள்தான் அம்மாவின் உறவைப் பற்றி அப்பாவிடம் போட்டு உடைக்கிறாள். அதைக் கேட்ட மேட் ஓடுவதற்கு ஏற்றதில்லாத காலணியோடு, மூச்சிரைக்க, தெருவில் நண்பர்களின் வீட்டை நோக்கி ஓடுகிறார். அழகான நடிகர் ஒருவர் தம் அழகையெல்லாம் மறந்து ஓடும் ஓட்டம் அது. மனைவியின் நண்பர்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது என்ற அவமானம் அந்த வீட்டு வாசலில்தான் அவருக்காகக் காத்திருக்கிறது.

நம் ஊரில் இப்படியொன்று நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒட்டுக்கடையில் தேநீர் ஆறுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிடும். அந்தக் கணவனிடம் ஊர் எதிர்பார்ப்பது இரண்டே வழிகள்தாம்: ஒன்று கையை ஓங்க வேண்டும், அல்லது குடித்துக் கெட வேண்டும். நம் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இதே பாடத்தைத்தான் பல்லாண்டுகளாக நடத்திவருகின்றன. தவறு செய்த மனைவி கதை முடிவதற்குள் செத்துப்போவாள், அல்லது காலில் விழுவாள். அவள் ஏற்கெனவே சாகக் கிடக்கும்போது, அடிக்கவோ திட்டவோ மன்னிக்கவோ ஆளில்லாத நிலையில், அந்தக் கோபத்தை ஒரு மனிதன் எங்கே கொண்டுபோய் வைப்பான் என்று கேட்டதுதான் இந்தப் படத்தின் பெருமை. மேட் கோபப்படாத உத்தமர் அல்லர். நினைவில்லாமல் படுத்திருக்கும் மனைவியைப் பார்த்துக் கத்துகிறார். அதே தாயிடம் மகள் கடுமையாகப் பேசும்போது மகளைக் கண்டிக்கவும் செய்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்தான். ஆனால் தனக்கு உள்ள உரிமையையும் மகளுக்கு ஏற்படும் காயத்தையும் ஒரு தகப்பன் வேறுவேறாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த முரண் காட்டிவிடுகிறது.

இந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது மாமனாரை. ராபர்ட் ஃபோர்ஸ்டர் நடித்த அந்தக் கிழவர் முரட்டுத்தனமானவர். மகளை இழக்கப்போகும் வேதனையில் பழி முழுவதையும் மருமகன் தலையில் போடுகிறார். மருமகன் கஞ்சன், பரம்பரைச் சொத்து இருந்தும் மகளை வசதியாக வைத்துக்கொள்ளவில்லை, தன் மகள் கணவனுக்கு உண்மையாக இருந்த நல்ல மனைவி, அவளுக்கு இதைவிடச் சிறந்த வாழ்க்கை கிடைத்திருக்க வேண்டும் என்கிறார். மேட்டின் கையில் அந்த நேரத்தில் ஓர் ஆயுதம் இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் அந்தக் கிழவரின் வாயை அடைத்துவிடலாம். பக்கத்தில் நிற்கும் மூத்த மகளுக்கும் உண்மை தெரியும். அவள் அப்பாவுக்காகப் பரிந்து பேசுகிறாள். மேட்டோ, ஆமாம், அவளுக்கு இன்னும் நல்ல வாழ்க்கை அமைந்திருக்க வேண்டும் என்று மாமனார் சொன்னதையே ஒப்புக்கொள்கிறார். குளூனியின் முகத்தில் அப்போது தியாகியின் பெருமிதம் இல்லை. விழுங்கவே முடியாத ஒன்றை விழுங்கியவனின் களைப்புத்தான் இருக்கிறது.

இதை மன்னிப்பு என்று எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த இடத்தில் மேட் மனைவியை மன்னித்தாரா என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சாகப்போகும் மகளின் நினைவைத் தவிர வேறு எதுவும் மிஞ்சப்போகாத ஒரு தகப்பனிடமிருந்து அந்த நினைவையும் பிடுங்கக்கூடாது என்று இன்னொரு தகப்பன் முடிவு செய்கிறார், அவ்வளவுதான். தானும் இரண்டு பெண்களைப் பெற்றவர் என்பதால்தான் அவரால் அது முடிகிறது. கணவனாக இருந்து பார்த்தால் அந்த உண்மையைச் சொல்ல அவருக்கு முழு நியாயம் இருக்கிறது. அப்பாவாக இருந்து பார்த்தவுடன் அந்த நியாயம் செல்லாமல் போகிறது.

நம் குடும்பங்களிலும் இத்தகைய மௌனம் நிறைய உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டுதான், ஆனால் அது வேறு மாதிரியானது. நாம் மானத்துக்காக மறைக்கிறோம், எல்லோரிடமும் மறைக்கிறோம், குறிப்பாகப் பிள்ளைகளிடம் மறைக்கிறோம். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தும் யாரிடமும் பேச முடியாமல் அந்தப் பாரத்தோடு பள்ளிக்கு வருவதை வகுப்பறையில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேட் அப்படிச் செய்யவில்லை. உண்மையை ஏற்கெனவே அறிந்து, அதனாலேயே தாயோடு சண்டையிட்டுக்கொண்டு கிடந்த அலெக்சாண்ட்ராவோடு அவர் வெளிப்படையாகப் பேசுகிறார், அந்த மனிதனைத் தேடிப்போகும்போதும் அவளை உடன் அழைத்துச் செல்கிறார். வயதுக்கு மீறிய சுமை என்று அதைக் குறை சொல்லலாம். ஆனால் அவள் அந்தச் சுமையை முன்பே தனியாகச் சுமந்துகொண்டிருந்தவள். அப்பா ஒரு பக்கம் கைகொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இளையவள் ஸ்காட்டிக்கோ துரோகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்படுவதில்லை. அம்மா இனி எழமாட்டாள் என்ற உண்மையை மட்டும், மருத்துவமனை ஆலோசகர் ஒருவரின் துணையோடு, அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்கிறார்கள். யாருக்கு எதைச் சொல்வது, யாருக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வைச் செய்வதற்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளை வளர்ப்பில் தான் மாற்று ஆட்டக்காரனாகவே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் அந்தத் தெரிதலை அவசர அவசரமாகக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படம்.

நம் அப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாளில் அம்மாக்கள் வகுப்புக்குள் வருவார்கள்; அப்பாக்களில் பெரும்பாலோர் பள்ளி வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி காத்திருப்பார்கள். பாசமில்லாமல் அல்ல. இருட்டோடு எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். அப்பா என்றால் உழைத்துக் கொண்டுவந்து போடுபவர், பிள்ளை அம்மாவின் இலாகா என்றே பார்த்து வளர்ந்தவர்கள். மனைவி போய்விட்டால் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ அனுப்பிவிடுவதும், அதை ஒரு நல்ல ஏற்பாடாக எல்லோரும் ஏற்றுக்கொள்வதும் இங்கே சாதாரணம். எங்கள் பகுதியில் செம்பனை லாரி ஓட்டும் ஒருவர் மட்டும் பிள்ளையை அனுப்ப மறுத்துவிட்டார். மனைவி இறந்து சில வாரங்களுக்குப் பிறகு, மளிகைக்கடையில் சானிட்டரி பேட் அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால், வேலைக்குப் போன சட்டையோடு அவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவர், கடைசியில் கடைக்கார அம்மாவிடம், “அக்கா, மகளுக்கு... எது வாங்கணும்னு தெரியலக்கா” என்றார். அந்த அக்கா ஒன்றும் பேசாமல் ஒரு பொட்டலத்தை எடுத்து, நாளிதழில் சுற்றி, “அடுத்த மாசம் பாப்பாவையே அனுப்பு தம்பி, நான் பாத்துக்கிறேன்” என்றார். படத்தில், தன் மகள் அனுப்பிய மோசமான குறுஞ்செய்திகளுக்காக இன்னொரு குழந்தையின் வீட்டுக்கு அவளை அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைக்கும் மேட், அங்கே என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கும்போது, எனக்கு அந்த லாரி ஓட்டுநரின் முதுகுதான் தெரிந்தது.

அந்த இன்னொருவனை, பிரையன் ஸ்பியரை, படம் வில்லனாக்கவில்லை. வீடு நில விற்பனைத் தொழிலில் இருக்கும் ஒரு சாதாரண ஆள். மனைவி மக்களோடு விடுமுறையில் இருப்பவன். எலிசபெத்தைத் தான் காதலிக்கவில்லை என்று அவன் ஒப்புக்கொள்ளும்போதுதான் மேட்டுக்கு உண்மையில் வலிக்கிறது, ஏனென்றால் அவள் அவனுக்காக வீட்டையே விட்டுப்போக நினைத்திருந்தாள். மருத்துவமனைக்கு வந்து அவளைப் பார்க்கும் துணிவும் அவனுக்கு இல்லை. அவன் மனைவி ஜூலிதான் பூக்களோடு வருகிறாள். உன்னை மன்னிக்கிறேன் என்று கோமாவில் கிடப்பவளிடம் சொல்லத் தொடங்கி, சொல்லச் சொல்ல அவள் குரல் மாறிப்போவதை ஜூடி கிரியர் நடித்திருக்கும் விதம் தனியாக எழுத வேண்டிய அளவுக்குச் சிறந்தது. மேட் இடைமறித்து அவளை அங்கிருந்து விலக்குகிறார். துரோகத்தால் காயப்பட்டவர்கள் இருவர் அந்த அறையில் நிற்கிறார்கள், இருவருக்கும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் இல்லை.

நிலத்தைப் பற்றிய கிளைக்கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஹவாய் அரச குடும்பத்துப் பெண்ணொருத்தியின் வழிவந்தவர்கள் என்ற முறையில், கவாயி தீவில் 25,000 ஏக்கர் நிலம் மேட்டின் குடும்பத்துக்கு இருக்கிறது. விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம். கடைசியில் விற்க மறுத்துவிடுகிறார். அந்த விற்பனையால் பிரையனுக்கும் ஆதாயம் உண்டு என்பதால், முடிவில் கோபம் எவ்வளவு, கடமையுணர்வு எவ்வளவு என்பது தெளிவாக இல்லை. படம் அதைச் சற்று எளிதாகக் கடந்துபோகிறது. மேலும், அந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் அன்னாசித் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் இந்தக் கதையில் எங்குமே இல்லை. தோட்டம் கைமாறும்போதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசைவீடுகளை, காலி செய்துவிட்டுப் போனவர்களின் பேத்தியாக, நிலத்தை விற்கலாமா என்ற மனப்போராட்டத்தை முழு அனுதாபத்தோடு பார்க்க எனக்கு வரவில்லை. எங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடம் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வழி செய்தது, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் வேலையும் வீடும் ஒருசேரப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான். பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நிலமாவது மிஞ்சட்டும் என்று அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்த அப்பாக்களை வைத்து நம்மவர்கள் யாராவது ஒரு படம் எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

படத்தின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை எலிசபெத் பற்றியது. தொடக்கத்தில் கடல்காற்றில் சிரித்தபடி ஒரு காட்சியில் வருகிறாள். அதன் பிறகு முழுப் படத்திலும் உணர்வற்ற உடல்தான். அவள் ஏன் வேறொருவனை நாடினாள் என்பதைக் கணவன், மகள், அப்பா, தோழர்கள் என்று எல்லோரும் பேசுகிறார்கள், அவள் பேசுவதில்லை. பல மாதங்களாக மனைவியோடு ஒழுங்காகப் பேசியதே இல்லை என்று மேட் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால் அவருடைய பங்கு நமக்குத் தெரிகிறது. இருந்தாலும், ஒரு பெண்ணின் தனிமையை அவளுடைய கணவனின் குற்றவுணர்வு வழியாக மட்டுமே தெரிந்துகொள்வது போதாது. அவள் எழுதிய ஒரு கடிதமோ, மகளோடு சண்டையிட்ட அந்த நாளின் ஒரு காட்சியோ இருந்திருந்தால் மேட்டின் மௌனத்துக்கு இன்னும் எடை கூடியிருக்கும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இந்தப் படத்தை அப்பாக்களுக்காகத் திரையிட வேண்டும் என்று கேட்கப்போகிறேன். கெட்ட வார்த்தைகள் நிறைய இருப்பதால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. ஒரு சனிக்கிழமை இரவு பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதும். தாத்தாக்களையும் கட்டாயம் அழைக்க வேண்டும். மாமனார் முன்னால் மேட் உண்மையைச் சொல்லாமல் நிற்கும் அந்த இடத்தில் அவர்கள் யார் பக்கம் பேசுகிறார்கள் என்று கேட்டு, அந்த விவாதத்தை இங்கேயே எழுதுகிறேன்.