மனு போக வேண்டியது எம்பிக்கு

அண்ணாச்சி, பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதைத் தமிழக அரசே நிறுத்திவிடலாம், எம்எல்ஏவிடம் மனு கொடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இது மத்திய அரசின் 2018 உயிரி எரிபொருள் கொள்கை. 20 சதவீதம் கலப்பதற்கு 2030 என்றிருந்த இலக்கை 2022-ல் மாற்றி, 2025-26 என்று முன்கூட்டியே கொண்டுவந்ததும் அவர்கள்தான். அதனால் பாளையங்கோட்டைக்காரர் திருநெல்வேலி எம்பிக்கும், சங்கரன்கோவில்காரர் தென்காசி எம்பிக்கும் எழுத வேண்டும்.

அப்புறம், மைலேஜ் பாதியாகிவிடும் என்பதும் தவறு. இ20-க்கென்று, அதாவது இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கென்று, வடிவமைக்காத பைக்குகளில் 3-4 சதவீதம், கார்களில் 6-7 சதவீதம் குறையும் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அந்தக் கணக்கையே மனுவில் போடுங்கள். பழைய வண்டிக்காரர்களுக்கு எத்தனால் குறைந்த பெட்ரோலும் பங்க்கில் சாதாரண விலையில் வேண்டும் என்று கேளுங்கள்.